வராவிட்டால் நானே போட்டுக்கொள்வேன்

மார்ச் 3, திங்கள்

இன்றும் ஒரு நேர்முகத் தேர்வு. இன்றும் அதே கேள்வி: "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? அதை வாய்விட்டே கேட்டுவிட்டேன். எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே என் ஃபைலை மூடினார். சிரித்தார் என்றால் நல்ல அறிகுறிதான் என்று அம்மாவிடம் சொன்னேன். "மூடினாரே, அது?" என்றாள்.

அப்பா தன் பங்குக்குக் கெடுவை நினைவூட்டினார். இந்த மாதத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால், ஏப்ரல் முதல் தேதி மாமாவின் பெயிண்ட் கடையில் பில் போட உட்கார வேண்டும். "உனக்குன்னு நாற்காலி கூடத் தொடச்சு வெச்சிருக்கார்மா." அந்த நாற்காலியை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ராத்திரி பகல் பார்க்காமல் ப்ரோகிராம் எழுதப் படித்தது பெயிண்ட் டப்பா எண்ணவா?

ஆனால் இன்றைய விஷயம் அதுவல்ல. அம்மாவின் போர்வையை வாங்கத் தெருமுனைச் சலவைக்கடைக்குப் போனேன். கவுண்டர் அக்கா கம்ப்யூட்டரின் மண்டையில் தட்டிக்கொண்டிருந்தாள். பில் வரவில்லையாம். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. "நான் பார்க்கட்டுமாக்கா?" என்று கேட்டு முடிப்பதற்குள் என் கை கீபோர்டில் இருந்தது. காலையிலிருந்து அனுப்பிய பில்களெல்லாம் முண்டியடித்துக்கொண்டு உள்ளேயே சிக்கிக் கிடந்தன. அழித்தேன். பிரிண்டர் கடகடவென்று ஓடியது. வரிசையில் யாரோ கை தட்டினார்கள்!

முதலாளியம்மா உள்ளேயிருந்து வந்து மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்ன படிச்சிருக்கே?"

சொன்னேன்.

"ரெண்டு வாரம் வந்து வேலை செய். சரியா வந்தா வெச்சுக்கறேன்."

வேலை! சரி, பாதி வேலை. இருந்தாலும் வேலை!

மார்ச் 4, செவ்வாய்

"அது வேலை இல்ல, வெள்ளோட்டம்" என்கிறான் அண்ணன். வயிற்றெரிச்சல்.

மார்ச் 6, வியாழன்

கடைக்குள் நுழைந்தாலே என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது. எனக்கு ஒதுக்கிய மேசை, இஸ்திரி மேசைக்கும் சோப்பு மூட்டைகளுக்கும் நடுவில். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. யாருக்கு வேண்டும் ஆடாத நாற்காலி?

என் வேலை இதுதான்: துணி தயாரானதும் உரியவரின் போனுக்குத் தானாகவே மெசேஜ் போக வேண்டும். இப்போது அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுகிறாள். கடையின் கோடியில் ஒரு நீளக் கம்பி இருக்கிறது. கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் துணிகள் அதில் தொங்குகின்றன: கோட்டுகள், திரைச்சீலைகள், ஒரு பெரிய கரடி பொம்மை கூட. அக்கா அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மறதி மன்றம்'. முதலாளியம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறார்.

"போன் பண்ணா நாளைக்கு வரேங்கறாங்க. எந்த நாளைன்னு சொல்றதில்ல."

மார்ச் 11, செவ்வாய்

ஓடுகிறது! ஓடுகிறது! ஓடுகிறது!

பட்டனை அழுத்தினேன், என் போன் சிணுங்கியது. மறுபடி அழுத்தினேன், மறுபடி சிணுங்கியது. அக்கா ஓடி வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஏனென்றால் நான் எழுதியிருந்த மெசேஜ்: "உங்கள் துணி தயார். இன்று வராவிட்டால் நாளை நானே போட்டுக்கொள்வேன்." சோதிக்கும்போது நாங்களெல்லாம் இப்படித்தான், வாய்க்கு வந்ததை எழுதுவோம். என் வகுப்பில் ஒருத்தி எல்லாவற்றுக்கும் 'கழுதை' என்றே போடுவாள். கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் என் எண்ணை எடுத்துவிட்டு வாடிக்கையாளர்களின் நிஜ எண்களை ஏற்றி வைத்தேன். நாளை மரியாதையாக ஒரு வாசகம் எழுத வேண்டும்.

மார்ச் 12, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

நான் ஏன் இப்படி இருக்கேன்? காலையில் போனதும் போகாததுமாக, நேற்றைய சந்தோஷத்திலேயே, இன்னொரு தடவை பார்ப்போம் என்று பட்டனை அழுத்தினேன். என் போன் சிணுங்கவில்லை. ஏன் சிணுங்கவில்லை என்று முழித்தேன் — அதற்குள் கடை போன் அடித்தது. எடுத்து வைத்ததும் மறுபடி அடித்தது. அப்புறம்தான் உறைத்தது. நேத்து ஏத்தின நம்பர் எல்லாத்துக்கும் போயிருக்கு. சோதனைக்காக எல்லார் துணியும் தயார்னு வேற குறிச்சு வெச்சிருந்தேன். அந்தக் கடையில் என்றைக்காவது துணி போட்ட அத்தனை பேருக்கும். அதே வாசகம். நானே போட்டுக்கொள்வேன்!

பத்து மணிக்கு வாசலில் கூட்டம். நேற்றுதான் கோட்டைக் கொடுத்துவிட்டுப் போன ஒருவர் மூச்சிரைக்க வந்து, "யாருங்க என் கோட்டைப் போட்டுக்கறது?" என்று எகிறினார். அவருக்கு நல்ல ஆறடி உயரம். அந்தக் கோட்டுக்குள் என்னைப் போல் இரண்டு பேர் நுழையலாம். அதைச் சொல்ல வந்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

முதலாளியம்மா வெளியே வந்தார். அக்கா என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பழியை அதன் தலையில் போட்டுவிடலாம், பாவம், அது பேசாது. ஆனால் கால் தானாக முன்னே போய்விட்டது. "நான்தான்மா. என் தப்புதான்" என்றேன்.

"வீட்டுக்குப் போ. சனிக்கிழமை வா, பேசிக்கலாம்."

அப்பாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "சரி, மாமா இருக்கார்ல" என்றார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

வரச் சொன்னது சனிக்கிழமைதான். இருந்தும் போனேன். வீட்டில் உட்கார்ந்து அந்த நாற்காலியையே நினைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அக்காவிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு, வந்த அழைப்புக்கெல்லாம் நானே மன்னிப்புக் கேட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள். ஒரு அம்மா, "நிஜமாவே போட்டுப் பார்த்தியாடி, எப்படி இருந்துது?" என்றார்.

நடுநடுவே ப்ரோகிராமையும் திருத்தினேன். இனி பட்டனை அழுத்தினால் உடனே போகாது. யார் யாருக்குப் போகிறது, என்ன போகிறது என்று காட்டிவிட்டு, நிச்சயமா என்று கேட்கும். இந்தக் கேள்வியை என்னிடம் யாராவது முதலிலேயே கேட்டிருக்கலாம்!

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். போகச் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும்.

முதலாளியம்மா என்னைக் கடைக் கோடிக்குக் கூட்டிப் போனார். மறதி மன்றத்தைக் காட்டினார். வெறும் கம்பி! காலி ஹேங்கர்கள்! கரடி பொம்மை மட்டும் உட்கார்ந்திருந்தது.

"கெஞ்சிப் பார்த்தேன், கண்டிச்சுப் பார்த்தேன், ஒருத்தரும் வரல. நீ போட்டுக்குவேன்னதும் குடுகுடுன்னு ஓடி வராங்க."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

"திங்கள்லேர்ந்து நிரந்தரமா வா. ஆனா பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கணும்."

"சரிங்கம்மா. மெசேஜை இன்னிக்கே மாத்திடறேன்."

"அதை ஏன் மாத்தறே? 'நாளை'ங்கறதை மட்டும் 'அடுத்த மாதம்'னு போடு. பாவம், வெளியூர் போயிருப்பாங்க."

தெருவெல்லாம் ஓடினேன். நடந்து வரத் தோன்றவே இல்லை! அம்மா கட்டிக்கொண்டாள். அண்ணன், "அப்ப என் ஜீன்ஸுக்கு ஆபத்து" என்றான். அப்பா மட்டும், "நல்லதும்மா. மாமாகிட்ட இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். மாசம் முடியட்டும்" என்றார். மறுபடி எதையாவது அழுத்தித் தொலைத்துவிட்டால்? அதுதான் அவர் பயம். என் பயமும் அதுதான், ஆனால் அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

இன்னும் எதையும் தப்பாக அழுத்தவில்லை. நாற்காலியின் குட்டைக் காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். இனி இது என் நாற்காலி.

ஏப்ரல் 1, செவ்வாய்

மாமா கடையில் இருந்திருக்க வேண்டிய நாள். முதலாளியம்மா பெயர்களைச் சரிபார்த்துத் தலையாட்டியதும் காலை மெசேஜ்களை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் கவுண்டரில் பழகிய குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் அப்பா! கையில் போனோடு வரிசையில் நின்றார்.

"என்னப்பா இங்கே?"

"வராட்டி நீயே போட்டுக்குவேன்னு மிரட்டியிருக்கியே" என்று போனை நீட்டினார். பிறகு பின்னால் நின்றவர் பக்கம் திரும்பி, கேட்காமலே, "இது என் பொண்ணு எழுதினதுங்க" என்றார்.

அக்கா பொட்டலத்தைக் கொடுத்தாள். அவருடைய நீலச் சட்டை. கையில் வாங்கிக்கொண்டு என் மேசையை, கம்ப்யூட்டரை, அட்டை வைத்த நாற்காலியைக் கூட ஒரு சுற்றுப் பார்த்தார். கிளம்பும்போதுதான் சொன்னார்:

"மாமாகிட்ட வேற ஆள் பார்த்துக்கச் சொல்லிட்டேன்மா."

அவர் தெரு திரும்பும்வரை அக்கா காத்திருந்தாள். "நேத்து நீ வர்றதுக்கு முன்னாடியே வந்து குடுத்துட்டுப் போனாருடி. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னார்."

"எதுக்காம்?"

"எனக்கென்ன தெரியும்? அந்தச் சட்டைல அழுக்கே இல்ல. இஸ்திரி மடிப்பு கூடக் கலையல."