கோடு நின்ற இடம்

செவ்வாய்க்கிழமை, இரவு

போன வாரம் கோவிலம்பாக்கம் வளைவில் லாரி மோதி இறந்த செல்வியின் கணவர் இன்று எங்கள் நெடுஞ்சாலைத்துறை ஆபீசுக்கு வந்தார். அவள் சைக்கிளில் வீட்டு வேலைக்குப் போய்வந்தவள்.

"சைக்கிளுக்குத் தனியா கோடு போட்டுக்கீறாங்க, இனிமே பயமில்லன்னு சொல்லிக்கினே இருந்தா சார். அந்தக் கோடு வளைவுக்கு முன்னாடியே ஏன் நின்னுபோச்சு?" என்று கேட்டார்.

"ஃபண்ட் அவ்வளவுதான் வந்துச்சு" என்றேன்.

"சரி சார்" என்று எழுந்து போய்விட்டார். என்னைத் திட்டியிருக்கலாம்.

ஃபண்ட் முழுசாக வந்தது. மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று, வளைவுக்கு வைத்திருந்த பெயிண்ட்டை எங்கள் ஆபீஸ் வாசல் ரோட்டில் இன்னொரு முறை அடிக்கச் சொன்னது நான்தான். அது செல்வியின் கணவருக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது.

விளக்கை அணைத்துப் படுத்தேன். சைக்கிள் மணி கேட்டது. எழுந்து விளக்கை மறுபடி போட்டுவிட்டேன்.