தலையாட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் டிவி சேனல் மேக்கப் அறையில், பேட்டி எடுக்கும் சாரின் நாற்காலித் துண்டில் பவுடர் அப்படியே ஒட்டியிருந்தது. மந்திரிகளையே பேட்டியில் வேர்க்க வைத்தவர், போன வாரம் இறந்துவிட்டார்.

நான் பவுடர் போடும்போது அன்றைய கேள்விகளைப் படித்துக்காட்டுவார். "புரியுதாம்மா? உனக்குப் புரியலைன்னா மாத்திடுறேன். டிவி பாக்குறவங்களுக்கும் புரியணும்ல?"

எட்டாவதோடு நின்றவள் என்று தெரிந்துவிடுமே என்ற கூச்சத்தில், புரியாமலே தலையாட்டுவேன். அவரும் என்னை நம்பி அப்படியே கேட்டுவிடுவார்.

இன்று அஞ்சலிக் கூட்டத்தில் எடிட்டர் என்னைக் காட்டி, "சாருக்கு இந்தப் பொண்ணுதான் பரீட்சை வைக்கும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, அக்கா.

கூட்டம் கலைந்ததும் கேமரா அண்ணனிடம் போனேன். "சார் கடைசியா கேட்டாரே, நிதிப் பற்றாக்குறைன்னு, அப்படின்னா என்னண்ணே?" என்று கேட்டேன்.

உன் தங்கை