மடக்குக் கத்தி, நாலு வருஷத் தாடி

மார்ச் 3, செவ்வாய்

கிடைத்துவிட்டது! வேலை விட்டு வரும் வழியில், பழைய இரும்புக் கடையில், பூட்டும் உடைந்த கத்தரிக்கோலும் கிடந்த டப்பாவின் அடியில் ஒரு மடக்கு சவரக்கத்தி. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத வச்சு நீ என்னம்மா பண்ணப் போற? உனக்கென்ன தாடியா மீசையா?"

கத்தி புதுப்பிக்கும் இணையக் குழுவில் ஒன்றரை வருடமாக இருக்கிறேன், ஒரு வீடியோவைக்கூடப் பார்க்காமல் விட்டதில்லை, ஆனால் ஒரு கத்தியைக்கூடச் சொந்தமாகத் தொட்டதில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்ல? ஈ என்று இளித்துவிட்டு வந்தேன்.

அலகு முழுக்கக் கன்னங்கரேல். ஆனால் நகத்தால் சுண்டினால் ணங்கென்கிறது. விரிசல் இல்லை! கொம்புக் கைப்பிடி, ஆணி ஆடவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்தான். "என்னடி இது, கரிக்கட்டையா?"

போடா. உனக்கு என்ன தெரியும்.

மார்ச் 5, வியாழன்

ஒரு மணி நேரம் எண்ணெய் போட்டு ஊற வைத்து, தக்கையில் மிக நைசான உப்புத்தாளைச் சுற்றி, முதுகிலிருந்து கூர் பக்கமாக மட்டும் தேய்த்தேன். துணி துணியாகக் கருப்பு வந்தது. நாலாவது துணியில் — எழுத்து! அலகின் நடுவில் மெல்லிசாகப் பொறித்த ஏதோ ஒரு பெயர், சுற்றிலும் ஒரு கொடி. படிக்க முடியவில்லை, இருக்கிறது என்பது தெரிகிறது. கத்திவிட்டேன். அம்மா குக்கர் வெடித்ததென்று ஓடி வந்தாள்.

அண்ணனும் ஒரு செய்தி வைத்திருந்தான். பெரிய ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசைக்கு நேர்முகத் தேர்வு, 16ஆம் தேதி. எட்டு மாதமாக அலைந்து கிடைத்தது. தாடி கூடாதாம்.

அங்கேதான் இடி. அவன் தாடி ஸ்டைலுக்கு வைத்தது இல்லை. ஷேவ் பண்ணினால் இரண்டாம் நாள் கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கட்டி எழும்பும். கடை ரேசரிலும் அப்படித்தான், சலூனிலும் அப்படித்தான். அங்கே தோலை இழுத்துப் பிடித்து எதிர்ப்பக்கமாக வழிக்கிறார்கள், வெட்டின முடி தோலுக்குள்ளேயே சுருண்டுகொள்கிறது. ஒற்றை அலகு, முடி சாய்ந்த பக்கமாகவே, அழுத்தாமல் — இப்படிச் செய்தால் எழும்பாது என்று குழுவில் பத்துப் பேராவது எழுதியிருக்கிறார்கள்.

யோசிக்காமல் வாயை விட்டேன். "நான் பண்ணி விடுறேன்."

"கரிக்கட்டைய வச்சா?"

"கரிக்கட்டைய வச்சுத்தான்."

சிரித்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

படம் போட்டேன். நூற்றுப் பத்து கருத்து! பாதிப் பேர், "இன்னும் கரும்புள்ளி இருக்கே, கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆக்கு" என்றார்கள். அட்மின் தனக்குத் தானே துருவாசர் என்று பெயர் வைத்துக்கொண்டவர், கோபமும் அதற்குத் தக்கபடி. "அரைகுறை வேலை" என்று இரண்டே வார்த்தை எழுதினார்.

இன்னும் தேய்த்தால் பளபளக்கும்தான். எழுத்தும் சேர்ந்து போய்விடும். அரை மணி நேரம் கத்தியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு உப்புத்தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். புள்ளி இருக்கட்டும். முதல் தடவையாக ஒரு விஷயத்தை யாரையும் கேட்காமல் முடிவு செய்திருக்கிறேன். அரைகுறையாம்!

மார்ச் 8, ஞாயிறு

தீட்டுக்கல், தண்ணீர், கல்லில் உரசாமலிருக்கக் கத்தி முதுகில் ஒரு சுற்று டேப். பொறுமை, பொறுமை, பொறுமை. மூன்று மணி நேரம். கத்தியால் இடது கை முடியைத் தொட்டேன், பறந்தது!!

கடைசியாகத் தோல் வாரில் இழுத்துத் தீட்டினால் இன்னும் வழுக்கும் என்பார்கள். அப்பாவின் பெல்ட்டைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி அறுபது இழுப்பு. மறுபடி கையில் வைத்தேன் — பறக்கவில்லை. முன்பைவிட மோசம். பெல்ட்டிலும் ஒரு கீறல்.

அப்பா பெல்ட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நாளைக்கு நான் பேண்ட்டப் பிடிச்சிக்கிட்டே ஆபீஸ் போகணுமா?"

மார்ச் 10, செவ்வாய்

திரும்பக் கல். கூர் வருது. திரும்பத் தோல். கூர் போகுது. ஏன்? என்னதான் பண்றேன் நான்? இன்னும் ஆறே நாள். கையில முடியே தீர்ந்துபோச்சு, காலுக்கு வந்துட்டேன்.

அம்மா, "பேசாம அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம், ஏதாச்சும் களிம்பு குடுப்பாங்க" என்கிறாள். அண்ணன், "பரவால்ல விடு, நான் பாத்துக்கிறேன்" என்றான். கிண்டலே இல்லை. அவன் கிண்டல் பண்ணாவிட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

மார்ச் 11, புதன்

கண்டுபிடிச்சுட்டேன்!

நான் தோலில் தீட்டுவதை போனில் படம் பிடித்து, கால்வாசி வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் கத்தியைத் திருப்ப வேண்டும் இல்லையா? முதுகு தோலிலேயே இருக்க, அதன் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். நான் கூரின் மேல் உருட்டியிருக்கிறேன். அறுபது இழுப்புக்கு அறுபது தடவை நானே கூரை மடக்கியிருக்கிறேன்.

இதை ஏன் எந்த வீடியோவிலும் கவனிக்கவில்லை? ஏனென்றால் எல்லா வீடியோவையும் இரண்டு மடங்கு வேகத்தில் பார்க்கிற மகாராணி நான். திரும்புகிற இடம் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். ஒன்றரை வருடப் படிப்பு! தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன்.

மார்ச் 12, வியாழன்

ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் கத்தியை வைத்து, முதுகில் உருட்டி, முந்நூறு தடவை. நிஜக் கத்தியைத் தொடவே இல்லை.

மார்ச் 13, வெள்ளி

காலையில் கல், பிறகு தோல். இடது கால் மொட்டை. சத்தமே இல்லாமல்.

அண்ணனை உட்கார வைத்தேன். மொத்தமாக இல்லை; தாடைக்குக் கீழே, ஒரு தீப்பெட்டி அளவு இடம் மட்டும். கட்டி வருவதென்றால் ஞாயிறுக்குள் வந்துவிடும், வந்தால் வேறு வழி பார்க்க ஒரு நாளாவது இருக்கும். இது என் யோசனை, எந்த வீடியோவும் சொன்னதில்லை.

"கை நடுங்குதாடி?"

"உன் கழுத்துதான் நடுங்குது. எச்சில முழுங்காத."

வழித்துவிட்டு ஸ்பிரிட்டில் கத்தியைத் துடைத்தேன். கண்ணாடியில் பார்த்தான். "ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு. இதோட நான் வெளிய போகணும்?"

"மப்ளர் கட்டிக்கோ."

மார்ச் 15, ஞாயிறு

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கட்டிகூட இல்லை. ஒன்றுகூட.

மார்ச் 16, திங்கள்

நாற்காலியை ஜன்னலோரம் போட்டேன். கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்து, வெந்நீர்த் துண்டைப் போட்டு, சோப்பு நுரை தடவினேன். அம்மா வாசற்படியில் நின்றாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. காதுப் பக்கம் தொடங்கினேன். சரசரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், நுரையோடு நாலு வருஷம் வந்துவிட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு கட்டத்தில் அவன் தூங்குகிறானோ என்றுகூடத் தோன்றியது. என்னை நம்பி!

மோவாயில் மட்டும் ஒரு துளி ரத்தம். படிகாரம் வைத்தேன், நின்றுவிட்டது.

அப்பா பேப்பரை இறக்கி வெகுநேரம் பார்த்தார். "டேய், இவ்ளோ சின்னப் பையனாடா நீ?"

அவன் கிளம்பின பிறகுதான் ஞாபகம் வந்தது: வீடியோ எடுக்கவில்லை. சவரம் செய்கிற வீடியோ இல்லாமல் குழுவில் 'முடிந்தது' முத்திரை தர மாட்டார்கள். துருவாசரிடம் சொன்னேன். "விதி விதிதான்" என்றார். சரி சார், முத்திரையை நீங்களே வச்சுக்கோங்க. என் கத்தி முடிந்துவிட்டது, எனக்குத் தெரியும்.

மார்ச் 21, சனி

அண்ணனுக்கு வேலை கிடைத்துவிட்டது! திங்களிலிருந்து காலை ஆறு மணி ஷிஃப்ட். தினமும் முகம் வழவழவென்று இருக்க வேண்டுமாம், கடிதத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

போனில் நாலே முக்காலுக்கு அலாரம் வைத்தேன். என்ன பெயர் என்று கேட்டது. 'அண்ணன் முகம்' என்று போட்டேன். ஒரு நாளா, தினமுமா என்று கேட்டது. தினமும்.