கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கமரா

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் பிரியந்தன் எழுதுவது. முழங்கால் நோ இப்போது எப்படி? நான் சுகம். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று எழுதுகிறேன்.

இங்கே நான் இருக்கும் சென் ஜேம்ஸ் ரவுணில், என் அறைக்குக் கிட்ட ஒரு கடையில் பழைய மாதிரிச் சின்னக் கமரா ஒன்றை மலிவாகப் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் எங்கள் ஆள். "எடுத்துப் பாருமன் தம்பி, கடைசி ஒண்டுதான் கிடக்கு" என்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தந்தார். யாரை எடுப்பது? என் சப்பாத்தை எடுத்தேன். அதிலிருந்த பனிச்சேறுகூடக் கமராவின் திரையில் தெளிவாக விழுந்தது.

அப்பா செத்த முப்பத்தோராம் நாளுக்கு அவர் நினைவாக அடித்த கல்வெட்டுப் புத்தகம் என் மேசையில் இருக்கிறது. தனிப் படம் இல்லாததால் யாருடையதோ கலியாணப் படத்திலிருந்து அப்பாவை வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். அவர் தோளில் இன்னொருவருடைய கை அப்படியே இருக்கிறது. இங்கே தங்கும் பேப்பர் இன்னும் சரிவராததால் செத்தவீட்டுக்கும் வராத நான், அந்தக் கையைத்தான் தினமும் பார்க்கிறேன்.

அடுத்த மாதம் இங்கிருந்து ஊருக்கு வரும் யோகமலர் அன்ரியிடம் கமராவைக் கொடுத்துவிட்டு, உங்களை வடிவாக ஒரு படம் எடுக்கச் சொல்ல நினைத்தேன். எதற்கு என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், அடுத்த கல்வெட்டுக்கு என்று விளங்கிக்கொள்வீர்கள். அதுதான் பயம்.

கமராவை நாளைக்கு வாங்குகிறேன். ஆனால் அனுப்பமாட்டேன், பேப்பர் சரிவந்ததும் நானே கொண்டுவருவேன். அன்ரி திரும்பி வரும்போது அவரிடம் கொஞ்சம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

நான் வரும்வரை, யார் கேட்டாலும் தனியாகப் படத்துக்கு இருக்காதீர்கள், அம்மா.

பிரியந்தன்