ஜோசப் கொண்டுவந்த காளான்

2009 ஜூலை 14, செவ்வாய்

கப்பலில் வேலை செய்யும் என் தம்பி ஜோசப், காலையில் போட்டாதாங் துறைமுகத்தில் இறங்கியதும் நேரே வீட்டுக்கு வந்தான். கையில் உலர்ந்த போதைக் காளான் பொட்டலம்.

"வெளிநாட்டுல இத வச்சு மனசு உடைஞ்சவங்களுக்கு வைத்தியம் பாக்குறாங்களாம்க்கா. மாமாவுக்குக் குடுத்துப் பாரு."

போன வருஷப் புயலில் மகன் போனதிலிருந்து என் வீட்டுக்காரர் யாரோடும் பேசுவதில்லை. எனக்கும் அலுத்துவிட்டது. கொடுத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

கிளினிக் டாக்டர் சயாமாவிடம் கேட்டேன். சிலருக்குத் துக்கம் இளகலாம் என்றார். ஆனால் என் வீட்டுக்காரரின் அண்ணனுக்குக் காதில் குரல் கேட்கும் வியாதி இருந்ததால், இவருக்கும் புத்தி புரண்டுவிடலாம் என்று பயந்தார். வெளிநாட்டில் இதைக் கொடுத்தால் பயிற்சி பெற்றவர்கள் நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்களாம். இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

சாயங்காலம் எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடமே சொன்னேன். சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"பக்கத்துல உட்காருவாங்களா?"

"நாள் முழுக்கவாம்."

"மருந்து வேணாம் எஸ்தர். நீ உட்காரு."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மகன் பேரை ஒரே ஒரு தடவை சொன்னார். இப்போது தூங்குகிறார். எனக்கு முதுகு விட்டுப்போகிறது. நாளைக்கும் உட்கார வேண்டும்.