நாலாம் பெட்

தங்கச்சிக்கு,

ஒரே வார்டில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டு கடிதமா என்று சிரிக்காதே. மூன்று மாதமாக வேலையைத் தவிர நமக்குள் வேறு பேச்சு ஏது?

ஷிப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லும் ஹேண்டோவரை இனி டேப்லெட் கணினியில்தான் எழுத வேண்டும் என்று நீ மற்ற நர்ஸுகளுக்குக் கற்றுக்கொடுத்த அன்று, "முப்பது வருஷமா வாயாலதான் சொல்றேன், யாரும் செத்துப் போயிடல" என்று எல்லோர் முன்னாலும் உன்னை மட்டம் தட்டினேன்.

நேற்று மதியம் ஷிப்ட் மாறும்போதும் அதே திமிர்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "நாலாம் பெட்டுக்கு இன்சுலின் போட்டுடு" என்று உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நாலில் இருந்த பெரியவரைக் காலையில் ஒன்பதாம் பெட்டுக்கு மாற்றியதே நான்தான். இப்போது நாலில் இருப்பது சர்க்கரை நோயே இல்லாத பெண்.

ஊசியில் மருந்தை ஏற்றிய பிறகு டேப்லெட்டில் பெயரைப் பார்த்து நின்றுவிட்டாயாமே, வார்டு ஆயா சொன்னாள். டாக்டரைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டுப் பெரியவருக்குப் போட ஒரு மணி நேரம் தாமதம்.

இன்று காலை தலைமை நர்ஸ் என்னிடம், "உன் தங்கச்சி ஊசியை லேட்டா போட்டிருக்கா. ஏன்னு கேட்டா வாயே திறக்கல. மெமோ கொடுக்கப் போறேன்" என்றார். முப்பது வருஷம் பேசிய என் வாயும் திறக்கவில்லை.

ஏன்டி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை?

அவர் போனதும் டேப்லெட்டை எடுத்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினேன்: "நேற்று பெட் நம்பரைத் தவறாகச் சொன்னது நான்." அடுத்த ஷிப்டில் எல்லோரும் படிப்பார்கள். பதிந்ததை அழிக்க முடியாது என்று நீ சொன்னபோது அதற்கும் சண்டை போட்டேன். சாயங்காலத்துக்குள் எனக்குப் பயம் வந்துவிடும். அழிக்க முடியாதது நல்லதாகப் போயிற்று.

உன் அக்கா