அட்டைக் கடிக்கு இரண்டு ஜோடி

நைட் ஷிப்டுக்காகப் பகலில் தூங்கும் கணவனை எழுப்பாமல், துர்காதேவி காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்:

"மாமா, நான் ஊட்டிப் பக்கம் முக்கூர்த்திக்குக் கெளம்பிட்டேன். புல்மேட்டுல நடந்து வரையாடு பாக்கணும்னு ஒரு வருசமா நாம போட்ட பிளான்தான். 'ஆடு நம்ம தெருவுலயே கீது'ன்னு நேத்து நீ சொன்னப்புறம், இன்னொரு வாட்டி கூப்புட வாய் வரல. கொழம்பு கீது, சுட வெச்சித் துன்னு. சாவிய எதிர் வூட்ல குடுத்துட்டுப் போ. அட்டை கடிக்காம இருக்க உனக்குத் தெச்ச காலுறைய கட்டில்ல வெச்சிருக்கேன்."

கதவு வரை போனாள். குறட்டை மாறவில்லை. திரும்பி வந்து, அடியில் இடுக்கி எழுதினாள்:

"காலுறைய வுட்டுட்டுப் போக மனசு வரல, எடுத்துகினு போறேன். ஷிப்டுக்கு நீ நிக்கிற சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டாப்புலதான், அதே நேரத்துக்கு, ஊட்டி பஸ்ஸும் நிக்கும். உன் ஜன்னல் சீட்டுல நான் உக்காரல."